எதையும் விடாத, எங்கும் திரும்பாத பாதை

சில புள்ளிகளையும், அப்புள்ளிகளுள் சிலவற்றை இரண்டிரண்டாக இணைக்கும் கோடுகளையும் கொண்ட அமைப்பைக் கணிதத்தில் கோட்டுரு என்பர். அதில் புள்ளி முனை எனவும், கோடு விளிம்பு எனவும் பெயர்பெறும். முனைகள் தாளில் எங்கே வரையப்பட்டுள்ளன, விளிம்புகள் நேரானவையா வளைந்தவையா, நீண்டவையா குறுகியவையா என்பவற்றைக் கோட்டுரு பொருட்படுத்துவதில்லை. எந்தெந்த முனைகளுக்கிடையே இணைப்பு உண்டு என்பது ஒன்றே அதற்குக் கணக்கு. இத்தகைய கோட்டுரு ஒன்றில் ஏதேனும் ஒரு முனையில் தொடங்கி, விளிம்புகளின் வழியாகவே நகர்ந்து, எல்லா முனைகளையும் தவறாமல் தொட்டு, எந்த முனையையும் இரண்டாம் முறை மிதிக்காமல் முடிகின்ற பாதை ஹாமில்டன் பாதை எனப்படும். கடைசி முனையிலிருந்து தொடங்கிய முனைக்கே திரும்ப ஒரு விளிம்பு இருந்துவிட்டால் அது ஹாமில்டன் சுற்று ஆகும். ஒரு கோட்டுருவில் இப்படியொரு பாதை உண்டா, உண்டென்றால் அதைக் கண்டறிவது எப்படி என்னும் கேள்வி பார்வைக்குச் சிறுவர் இதழ்ப் புதிர் போலத் தோன்றினாலும், இன்றுவரை கணிப்பொறி அறிவியலின் மிகக் கடினமான கேள்விகளின் வரிசையில்தான் நிற்கிறது.

கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டு இதை விளக்கலாம். சிற்றூர்ச் சாலைகளையும் குறுக்குவழிகளையும் ஒதுக்கிவிட்டு, ஒன்பது ஊர்களை முனைகளாகவும் அவற்றுக்கிடையிலான முக்கியச் சாலைகளை விளிம்புகளாகவும் கொண்ட எளிய வரைபடம் ஒன்றைக் கருதுவோம். காட்டுமன்னார்கோயிலிலிருந்து குமராட்சி வழியே சிதம்பரத்துக்கும், லால்பேட்டையையும் வீராணம் ஏரிக்கரையையும் கடந்து சேத்தியாத்தோப்புக்கும், மேற்கே ஸ்ரீமுஷ்ணத்துக்கும் சாலைகள் உண்டு. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலத்துக்கும், விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்கும், நெய்வேலி வழியாக வடலூருக்கும் செல்லலாம். சேத்தியாத்தோப்பு, புவனகிரியோடும் வடலூரோடும் இணைகிறது. புவனகிரி சிதம்பரத்தோடு இணைகிறது. வடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியே கடலூருக்கு ஒரு சாலையும் பண்ருட்டிக்கு மற்றொரு சாலையும் பிரிகின்றன. பண்ருட்டியிலிருந்து நெல்லிக்குப்பம் வழியே கடலூரை அடையலாம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நெடுஞ்சாலை செல்கிறது. ஆக, ஒன்பது முனைகள், பதின்மூன்று விளிம்புகள். இந்த ஒன்பது ஊர்களையும் ஒரே ஒரு முறை மட்டும் தொட்டுக் காட்டுமன்னார்கோயிலுக்கே திரும்பும் சுற்று உண்டா என்பது கேள்வி.

ஒன்பது ஊர்களை வரிசைப்படுத்த 3,62,880 முறைகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தேவையில்லை. சுற்றில் இடம்பெறும் ஒவ்வோர் ஊருக்கும் உள்ளே வர ஒரு சாலையும் வெளியே போக ஒரு சாலையுமாக இரண்டு சாலைகள் வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்துக்கு இந்த வரைபடத்தில் இரண்டே சாலைகள் உள்ளமையால், காட்டுமன்னார்கோயில்–ஸ்ரீமுஷ்ணம்–விருத்தாசலம் என்னும் துண்டு சுற்றில் இருந்தே தீரவேண்டும். அவ்வாறே சேத்தியாத்தோப்பு–புவனகிரி–சிதம்பரம் என்பதும், வடலூர்–பண்ருட்டி–கடலூர் என்பதும் கட்டாயத் துண்டுகள். இனி, கடலூரிலிருந்து வடலூருக்கு நேர்ச்சாலையைப் பயன்படுத்தினால் மூன்று ஊர்களுக்குள்ளேயே வளையம் மூடிவிடும். மற்ற ஊர்கள் வெளியே நிற்கும். ஆகவே கடலூர் சிதம்பரத்தோடுதான் இணைய முடியும். அத்துடன் சிதம்பரத்தின் இரண்டு சாலைகளும் நிரம்பிவிடுவதால் காட்டுமன்னார்கோயில்–சிதம்பரம் சாலை கழிந்துபோகிறது. காட்டுமன்னார்கோயில் சேத்தியாத்தோப்போடு இணைந்தாக வேண்டும். சேத்தியாத்தோப்பும் நிரம்பிவிட, விருத்தாசலத்துக்கு எஞ்சிய வழி வடலூர் ஒன்றே. காட்டுமன்னார்கோயில், ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், வடலூர், பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், புவனகிரி, சேத்தியாத்தோப்பு, மீண்டும் காட்டுமன்னார்கோயில் என்ற ஒரே சுற்றைத் தவிர வேறு சுற்று இவ்வரைபடத்தில் கிடையாது. ஓரிடத்தில்கூட ஊகம் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: கட்டாயமானவற்றை முதலில் குறித்து, அவற்றால் இயலாமற்போனவற்றை அடித்துக்கொண்டே சென்றால், விடை தானே வெளிப்பட்டுவிடுகிறது. கையால் தேடுவோர் அனைவரும் பின்பற்றும் முறை இதுவே.

இவ்வரைபடத்தில் பரங்கிப்பேட்டையைச் சேர்த்து, அதற்குச் சிதம்பரம் வழியாக மட்டுமே சாலை உண்டு எனக் கொண்டால், சுற்று இல்லாமற்போகும். ஒற்றைச் சாலை உடைய ஊருக்குள் போனவர் வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். ஆயினும் பாதை இருக்கிறது: பரங்கிப்பேட்டையில் தொடங்கிச் சிதம்பரம், கடலூர், பண்ருட்டி, வடலூர், விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு எனச் சென்று புவனகிரியில் முடிக்கலாம். கிள்ளையையும் சிதம்பரத்தோடு மட்டும் இணைத்துச் சேர்த்துவிட்டால் பாதையும் இல்லை. காரணம் எளிது: சிதம்பரம் என்னும் முனையை வரைபடத்திலிருந்து நீக்கினால் பரங்கிப்பேட்டை தனியாகவும், கிள்ளை தனியாகவும், ஏனைய ஊர்கள் ஒரு கூட்டமாகவும் மூன்று துண்டுகள் எஞ்சும், சிதம்பரத்தை ஒரே முறை கடக்கும் பாதையிலிருந்து அந்த ஒரு முனையை எடுத்தால் இரண்டு துண்டுகளுக்கு மேல் வர வழியில்லை. ஒரு கோட்டுருவில் சில முனைகளை நீக்கும்போது, நீக்கிய எண்ணிக்கையை விட அதிகமான துண்டுகள் எஞ்சினால் அங்கே சுற்று இராது. ஒன்றுக்கு மேல் அதிகமானால் பாதையும் இராது. இல்லை என்று சொல்வதற்கு இது வலுவான கருவி. ஆனால் இக்கருவி வாய்மூடி நின்றுவிட்டால் உண்டு என்று முடிவுகட்டிவிட இயலாது.

இதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது ஆய்லர் பாதை. அங்கே ஒவ்வொரு முனையையும் அல்ல, ஒவ்வொரு விளிம்பையும் ஒரே முறை கடக்க வேண்டும். கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி லியோனார்ட் ஆய்லர் 1736-இல் தந்த விடை, ஒவ்வொரு முனையிலும் எத்தனை விளிம்புகள் கூடுகின்றன என்று எண்ணினாலே போதும் என்பதாகும்: கோட்டுரு ஒன்றாக இணைந்திருந்து, ஒற்றைப்படை விளிம்புகள் கொண்ட முனைகள் இரண்டுக்கு மேற்படாமல் இருந்தால் பாதை உண்டு, மேற்பட்டால் இல்லை. விளிம்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு முனை என்று வைத்தவுடன் இந்தத் தெளிவு மறைந்துவிடுகிறது. ஹாமில்டன் பாதைக்கு அப்படியொரு எளிய எண்ணிக்கை விதி இதுவரை கிட்டவில்லை.

பெயருக்குரியவர் அயர்லாந்துக் கணித அறிஞர் வில்லியம் ரோவன் ஹாமில்டன். பன்னிரண்டு ஐங்கோண முகங்களும் இருபது முனைகளும் கொண்ட திண்மத்தின் முனைகளையெல்லாம் ஒருமுறை சுற்றிவரும் விளையாட்டு ஒன்றை அவர் 1857-இல் உருவாக்கினார். அது லண்டனில் விற்பனைக்கு வந்தும் கடையில் எடுபடவில்லை. இதே கேள்வியை எல்லாத் திண்மங்களுக்கும் பொதுவாக எழுப்பியவர் இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் கிர்க்மன். அவருடைய கட்டுரை 1856-இலேயே வெளிவந்துவிட்டது. முறைப்படி பார்த்தால் பெயர் கிர்க்மனுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் இருவருக்கும் நெடுங்காலம் முன்பே இந்தப் பாதைகளைக் கண்டவர்கள் இருந்தார்கள். அவர்களுள் சிலர் கவிஞர்கள்.

சதுரங்கப் பலகையின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு முனையாகவும், குதிரை ஒரே நகர்வில் தாவக்கூடிய இரு கட்டங்களுக்கிடையே ஒரு விளிம்பும் இருப்பதாகக் கொண்டால், எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை மிதித்துவரும் குதிரை ஓட்டம் ஒரு ஹாமில்டன் பாதையே ஆகும். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த சதுரங்க வல்லுநர் அல்-அத்லி அத்தகைய ஓட்டத்தை அறிந்திருந்தார். அதே நூற்றாண்டில் காஷ்மீரத்து அணியிலக்கண அறிஞர் ருத்ரடர் தம் காவியாலங்காரத்தில், எட்டெட்டு எழுத்துகளாக நான்கு வரிகளில் அமைந்த ஒரு சுலோகத்தை வரிசையாகப் படித்தாலும், குதிரை தாவும் முறையில் படித்தாலும் அதே சுலோகமே வரும்படி அமைத்துக் காட்டினார். எழுத்து என்பது இங்கே ஒரே ஒலியாய் உச்சரிக்கப்படும் அலகு. அனுஷ்டுப் என்னும் யாப்பில் ஒரு சுலோகத்துக்கு 32 அலகுகள் வருவதால், பாதிச் சதுரங்கப் பலகையின் 32 கட்டங்களோடு அது கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது.

ருத்ரடரின் அமைப்பில் ஒரு சலுகை மறைந்திருக்கிறது. மிகச் சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வருவதால், எழுத்துகளைப் பார்த்துக் குதிரையின் வழியைத் திட்டமாகச் சொல்ல முடியாது. இந்தச் சலுகையை விலக்கிவிட்டு, ஒரு சுலோகத்தைக் குதிரை முறையில் படித்தால் வேறொரு பொருளுடைய மற்றொரு சுலோகம் பிறக்கும்படி செய்தவர் வேதாந்த தேசிகர். மரபுவழிக் கணக்கில் 1268 முதல் 1369 வரை வாழ்ந்தவராகச் சொல்லப்படும் அவர் காஞ்சியை அடுத்த தூப்புலில் பிறந்தவர். கடலூரை ஒட்டிக் கெடிலக் கரையில் உள்ள திருவகீந்திரபுரத்தில் நெடுங்காலம் தங்கி, அவ்வூர்த் தேவநாதப் பெருமாளைத் தமிழிலும் வடமொழியிலும் பிராகிருதத்திலும் பாடியவர். பழைய வீரநாராயணபுரமாகிய காட்டுமன்னார்கோயிலில் பிறந்த ஆளவந்தாரின் ஸ்தோத்திர ரத்தினத்துக்கு உரை வகுத்தவர். அரங்கனின் பாதுகைகளைப் போற்றி அவர் இயற்றிய பாதுகா சகஸ்ரம் 1008 சுலோகங்களும் 32 பத்ததிகளும் கொண்டது. திருவரங்கத்தில் ஒரே இரவில் பாடி முடிக்கப்பட்டது என்பது வைணவ மரபு. அதன் 30ஆம் பகுதியாகிய சித்திரப் பத்ததியில் 929ஆம் சுலோகமும் 930ஆம் சுலோகமும் இந்தக் குதிரை ஓட்டத்தால் பிணைந்திருக்கின்றன. 929ஆம் சுலோகத்தை நான்கு வரிகளாகக் கட்டங்களில் எழுதி, குதிரை மிதிக்கும் வரிசையை எண்ணாகக் குறித்தால் பின்வரும் பலகை கிடைக்கும்:

1  30  9  20  3  24  11  26
16  19  2  29  10  27  4  23
31  8  17  14  21  6  25  12
18  15  32  7  28  13  22  5

இடப்புற மேல் மூலையில் 1 எனத் தொடங்கி, 2, 3, 4 என்று பின்தொடர்ந்தால் ஒவ்வோர் அடியும் குதிரையின் தாவலாகவே இருப்பதையும், 32 எண்களும் ஒருமுறை மட்டும் வருவதையும் வாசகர் விரலாலேயே சரிபார்க்கலாம். இந்த வரிசையில் எழுத்துகளைக் கோத்தால் 930ஆம் சுலோகம் வந்துவிடும்.

குதிரை 32-இலிருந்து மீண்டும் 1-க்குத் தாவ முடியவில்லையே, தேசிகர் ஏன் இதைச் சுற்றாக்கவில்லை என்று கேட்கலாம். அது அவர் திறமையைப் பொறுத்ததன்று. நான்கு வரிசைப் பலகையில் எவராலும் அதைச் செய்ய முடியாது. முதல் வரிசையையும் நான்காம் வரிசையையும் ஓர வரிசைகள் என்றும், இரண்டையும் மூன்றையும் நடு வரிசைகள் என்றும் வைத்துக்கொள்வோம். ஓர வரிசையில் நிற்கும் குதிரை எப்படித் தாவினாலும் நடு வரிசையில்தான் விழும். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே தாவலில் போக வழியில்லை. ஓரக் கட்டங்கள் 16, நடுக் கட்டங்களும் 16. சுற்று ஒன்று இருந்தால், ஒவ்வோர் ஓரக் கட்டத்தை அடுத்தும் ஒரு நடுக் கட்டம் வரவேண்டியிருப்பதால், இரண்டும் எண்ணிக்கையில் சமமாக உள்ள நிலையில், ஓரம், நடு, ஓரம், நடு என்று கடைசிவரை மாறிமாறியே செல்ல வேண்டும். இன்னொரு பக்கம், குதிரை ஒவ்வொரு தாவலிலும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் வெள்ளையிலிருந்து கறுப்புக்கும் மாறுவது சதுரங்கம் ஆடுவோர் அனைவரும் அறிந்ததே. இரண்டு மாற்றங்களும் ஒன்றாக நடந்தால் ஓரக் கட்டங்கள் எல்லாம் ஒரே நிறமாக இருந்தாக வேண்டும். உண்மையில் அவை பாதி கறுப்பு, பாதி வெள்ளை. எனவே சுற்று இல்லை.

இதே வாதத்தைச் சற்று நீட்டினால் தேசிகர் எத்தகைய கட்டுப்பாட்டுக்குள் நின்று பாடினார் என்பது இன்னும் தெளிவாகும். சுற்றாக இல்லாமல் பாதையாக இருந்தாலும், 16 ஓரக் கட்டங்களுள் எந்த இரண்டும் அடுத்தடுத்து வரக்கூடாது. அவற்றுக்கிடையே 15 இடைவெளிகள் உள்ளன. இடைவெளிக்கு ஒன்றாவது நடுக் கட்டம் வேண்டும். ஆக மிஞ்சுவது ஒரே ஒரு நடுக் கட்டம். அதைப் பாதையின் ஒரு முனையில் வைத்தால் மீண்டும் மாறிமாறி வரும் ஓட்டமாகி, நிறச் சிக்கல் குறுக்கிடும். ஆகவே அதை ஏதோ ஓர் இடைவெளியில் இரண்டாவதாக வைக்க வேண்டும். அதாவது, ஓட்டம் ஓர வரிசையில் தொடங்கி ஓர வரிசையில்தான் முடியும். இடையில் ஒரே ஒரு முறை மட்டும் நடுவிலிருந்து நடுவுக்குத் தாவல் நிகழும். அந்தத் தாவலுக்கு முன் மிதிக்கும் ஓரக் கட்டங்கள் எல்லாம் ஒரு நிறம், பின் மிதிப்பவை எல்லாம் மற்ற நிறம். ஒவ்வொரு நிறத்திலும் ஓரக் கட்டங்கள் எட்டே என்பதால், அந்தத் தாவல் 16-க்கும் 17-க்கும் இடையில், ஓட்டத்தின் சரிபாதியில், நடந்தே தீரவேண்டும். மேலே உள்ள பலகையில் 16 இரண்டாம் வரிசையின் முதற்கட்டத்திலும், 17 மூன்றாம் வரிசையின் மூன்றாம் கட்டத்திலும் இருப்பதைக் காண்க. அங்கே தவிர வேறெங்கும் இரண்டு நடுக் கட்டங்கள் அடுத்தடுத்து வரவில்லை. இந்தத் தேற்றத்தை எழுதி வைத்துவிட்டுத் தேசிகர் பாடவில்லை. ஆனால் சந்தத்தையும் பொருளையும் காத்துக்கொண்டே, தேற்றம் அனுமதிக்கும் அந்தக் குறுகிய சந்து வழியே அவர் நுழைந்து வெளியேறியிருக்கிறார் என்பது பலகையைப் பார்த்தாலே தெரிகிறது.

குதிரை ஓட்டத்தைத் தேடுவதற்குப் பிற்காலத்தில் ஒரு நடைமுறை விதி வகுக்கப்பட்டது. ஆய்லர் 1759-இல் இப்பொருளை ஆராய்ந்த பின், 1823-இல் ஜெர்மானியரான வார்ன்ஸ்டார்ஃப், அடுத்துத் தாவக்கூடிய கட்டங்களுள் எதிலிருந்து மேற்கொண்டு போக மிகக் குறைந்த வழிகள் உள்ளனவோ அதற்கே முதலில் போக வேண்டும் என்றார். நெருக்கடியில் உள்ள கட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால் அது அநாதையாகிவிடும் என்பதே இதன் கருத்து. பெரும்பாலும் பலிக்கிறது, எப்போதும் பலிக்கும் என்ற உறுதி இல்லை. தேசிகரின் குதிரை முதல் அடியிலேயே இவ்விதியை மீறுகிறது. மூலையிலிருந்து தாவ இரண்டே கட்டங்கள். இப்போது 8 என்று குறிக்கப்பட்டிருக்கும் கட்டத்திலிருந்து மேலே செல்ல மூன்று வழிகளும், 2 என்று குறிக்கப்பட்டிருக்கும் கட்டத்திலிருந்து ஐந்து வழிகளும் உண்டு. விதி 8-ஐத் தேர்ந்திருக்கும். கவிஞர் 2-ஐத் தேர்ந்தார். முழுப் பலகையில் இப்படிப்பட்ட தேர்வுகளுக்கு எவ்வளவு இடமுண்டு என்பதற்கு ஓர் எண் போதும்: 64 கட்டங்களையும் மிதித்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சுற்றுகள், திசையையும் வேறுபடுத்திக் கணக்கிட்டால், 2,65,34,72,88,21,064.

பாதை உண்டு என்று முன்கூட்டியே உறுதிகூறும் தேற்றங்களும் உள்ளன. மூன்றோ அதற்கு மேலோ முனைகள் கொண்ட கோட்டுருவில், ஒவ்வொரு முனையும் மொத்த முனைகளில் பாதிக்குக் குறையாத முனைகளோடு இணைந்திருந்தால் ஹாமில்டன் சுற்று கட்டாயம் உண்டு என்று கேப்ரியல் டிராக் 1952-இல் நிறுவினார். ஒய்ஸ்டீன் ஓர் 1960-இல் அதைத் தளர்த்தி, இணைப்பில்லாத எந்த இரு முனைகளின் விளிம்புகளையும் கூட்டினால் மொத்த முனைகளின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருந்தாலே போதும் என்றார். அழகான தேற்றங்கள்தாம், ஆனால் சாலை வரைபடம் போன்ற அடர்த்தி குறைந்த கோட்டுருக்களுக்கு இவை உதவுவதில்லை. மேலே கண்ட ஒன்பது ஊர்களில் எந்த ஊருக்கும் நான்கு சாலைகளுக்கு மேல் இல்லை. டிராக்கின் நிபந்தனையோ ஒவ்வோர் ஊருக்கும் ஐந்து கேட்கிறது. இவற்றினும் பயனுள்ளது 1934-இல் ஹங்கேரியரான லாஸ்லோ ரேடெய் கண்ட முடிவு. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஒருமுறை மோதி, சமநிலை இல்லாமல் முடியும் கபடிப் போட்டி ஒன்றில், ஒவ்வோர் அணியும் தனக்கு அடுத்து நிற்கும் அணியை வென்றிருக்கும்படி அணிகள் அனைத்தையும் எப்போதும் வரிசைப்படுத்தலாம் என்பது அதன் சாரம்; அணிகளை முனைகளாகக் கொண்டால் அந்த வரிசை ஒரு ஹாமில்டன் பாதையே. புதிதாக வரும் அணியை, வரிசையில் அது வென்ற முதல் அணிக்கு முன்னால் செருகிவிட்டால், அதற்கு முந்தைய அணி இதை வென்றிருக்கும். யாரையும் வெல்லாத அணி கடைசியில் நிற்கும். அவ்வளவே நிறுவல்.

இத்தகைய நிபந்தனைகளுக்கு அடங்காத பொதுவான கோட்டுரு ஒன்றைத் தந்துவிட்டால் கணிப்பொறியும் திணறுகிறது. இருபது முனைகளின் வரிசைகள் 24,32,90,20,08,17,66,40,000. நொடிக்கு நூறு கோடி வரிசைகளைச் சோதிக்கும் பொறிக்கும் எழுபத்தேழு ஆண்டுகள் ஆகும். 1962-இல் ரிச்சர்ட் பெல்மன் ஒருபுறமும், மைக்கேல் ஹெல்டும் ரிச்சர்ட் கார்ப்பும் மறுபுறமும் வகுத்த முறை இதைப் பெரிதும் குறைத்தது. இதுவரை எந்தெந்த முனைகளைத் தொட்டாயிற்று, இப்போது எந்த முனையில் நிற்கிறோம் என்ற இரண்டு செய்திகளே மேற்கொண்டு செல்லப் போதும், தொட்ட வரிசை தேவையில்லை என்ற கருத்து அதன் அடிப்படை. அதன்படி இருபது முனைகளுக்கு ஏறத்தாழ 42 கோடிச் செயல்கள் போதும். அதே பொறிக்கு ஒரு நொடிகூட ஆகாது. ஆயினும் ஒவ்வொரு முனை கூடும்போதும் வேலை இரட்டிப்பதால், அறுபது முனைகளுக்கு மீண்டும் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படும். 1972-இல் கார்ப், ஒன்றைத் தீர்த்தால் மற்றவற்றையும் தீர்க்கக்கூடிய 21 கடினமான கணக்குகளைப் பட்டியலிட்டபோது ஹாமில்டன் சுற்றும் அதில் இடம்பெற்றது. விடையைக் காட்டினால் சரிபார்ப்பது எளிது, தேடிக் காண்பதோ கடினம் என்பது இவ்வகைக் கணக்குகளின் இயல்பு. அந்தக் கடினம் உண்மையானதா, அல்லது நல்ல வழி இன்னும் கண்ணில் படவில்லையா என்பதைத் தீர்ப்பவருக்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பரிசு இன்னும் வழங்கப்படவில்லை. 1994-இல் லியோனார்ட் ஏடில்மன் ஏழு முனைகள் கொண்ட கோட்டுருவின் ஹாமில்டன் பாதையை மரபணு இழைகளைக் கொண்டே ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தார். புதுமையான முயற்சி, ஆனால் முனைகள் பெருகினால் தேவைப்படும் இழைகளின் அளவும் கட்டுக்கடங்காமல் பெருகும்.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், 1929-இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இந்த ஆய்வில் தனக்கென ஓர் இடம் பெற்றிருப்பது இப்பகுதியினர் பலரும் அறியாத செய்தி. அங்கே கணிதத் துறையில் பணியாற்றிய பி. பால்ராஜா 1993-இல் கோட்டுருக் கோட்பாட்டுக்கான பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. அதன் பொருளைப் புரிந்துகொள்ள ஒரு கோட்டுருவை இரண்டு அடுக்குகளாகக் கற்பனை செய்யலாம்: கீழ்த்தளத்தில் ஒரு படி, மேல்தளத்தில் அதே போன்ற மற்றொரு படி, ஒவ்வொரு முனையிலிருந்தும் நேர் மேலேயுள்ள தன் இணைக்குச் செல்ல ஒரு மாடிப்படி. இந்த இரட்டைக் கோட்டுருவைப் பட்டகம் என்பர். மூலக் கோட்டுருவில் ஹாமில்டன் பாதை இருந்தாலே பட்டகத்தில் சுற்று கிடைத்துவிடும். கீழ்த்தளத்தில் பாதையின் வழியே கடைசிவரை சென்று, மாடியேறி, மேல்தளத்தில் அதே வழியில் திரும்பி, இறங்கினால் போதும். பரங்கிப்பேட்டையைச் சேர்த்ததால் சுற்றை இழந்த பத்து ஊர் வரைபடமும் இரண்டு அடுக்காக்கினால் சுற்றைத் திரும்பப் பெறும். மூலத்தில் பாதைகூட இல்லாத கோட்டுருக்களுக்கு என்ன ஆகும் என்பதே ஆய்வுக்குரிய கேள்வி.

ஒவ்வொரு முனையிலும் சரியாக மூன்று விளிம்புகள் கூடி, எந்த இரண்டு முனைகளை நீக்கினாலும் துண்டுபடாமல் நிற்கும் கோட்டுருக்களைப் பற்றி இங்கே நீண்ட வரலாறு உண்டு. விளிம்புகள் குறுக்கிடாமல் தாளில் வரையத்தக்க அத்தகைய கோட்டுருக்கள் அனைத்திலும் ஹாமில்டன் சுற்று இருக்கும் என்று பீட்டர் டெய்ட் 1884-இல் கருதினார். 46 முனைகள் கொண்ட மாற்றுச் சான்றை 1946-இல் வில்லியம் டட் காட்டியதோடு அந்த நம்பிக்கை முறிந்தது. மூலத்தில் சுற்று இல்லாவிட்டாலும் அவற்றின் பட்டகத்தில் உண்டு என்பதை 1973-இல் ரோசன்ஃபெல்டும் பார்னெட்டும் அப்போது ஊகமாகவே இருந்த நான்கு நிறத் தேற்றத்தைச் சார்ந்தும், பின்னர் ஃபிளைஷ்னர் அதைச் சாராமலும் நிறுவினர். தாளில் குறுக்கிடாமல் வரைய வேண்டும் என்ற நிபந்தனையே தேவையில்லை, முனைக்கு மூன்று விளிம்பும், எந்த இரண்டு முனைகளை நீக்கினாலும் துண்டுபடாத உறுதியும் இருந்தால் போதும் என்று காட்டியது பால்ராஜாவின் தேற்றம். கோட்டுருக் கோட்பாட்டில் மாற்றுச் சான்றுகளின் நிலைக்களனாக விளங்கும், பத்து முனைகள் கொண்ட பீட்டர்சன் கோட்டுருவில் ஹாமில்டன் சுற்று கிடையாது. அதன் பட்டகத்தில் உண்டு.

பால்ராஜாவின் மற்றொரு பங்களிப்பு, ஒரு சுற்றைக் கண்டறிவதோடு நில்லாமல் கோட்டுரு முழுவதையும் ஹாமில்டன் சுற்றுகளாகவே பிரித்துவிடுவது பற்றியது. ஐந்து முனைகளை எல்லா வகையிலும் இணைத்தால் பத்து விளிம்புகள் வரும். வெளி ஐங்கோணம் ஒரு சுற்று, உள்ளே அமையும் ஐம்முனை நட்சத்திரம் மற்றொரு சுற்று, மிச்சமே இல்லை. இதைவிடச் சிக்கலான ஓர் அமைப்பில், வரிசைகளும் பத்திகளும் கொண்ட பலகையில் ஒரே வரிசையிலும் ஒரே பத்தியிலும் இல்லாத கட்டங்கள் அனைத்தும் தம்முள் இணைந்திருக்கும். கோட்டுருவியலார் முழுக் கோட்டுருக்களின் டென்சர் பெருக்கம் என அழைக்கும் இந்த அமைப்பும் ஹாமில்டன் சுற்றுகளாகப் பிரியும் என்று ஆர். பாலகிருஷ்ணன், பிரான்ஸைச் சேர்ந்த பெர்மோன், பால்ராஜா, கனடாவைச் சேர்ந்த யூ ஆகிய நால்வரும் 2003-இல் நிறுவினர்.

பால்ராஜாவின் தேற்றத்தில் ஒரு நிபந்தனையை விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அதன் பின்னும் தொடர்ந்தது. முனைக்கு மூன்றே விளிம்புகள் என்பதைத் தளர்த்தி, தாளில் குறுக்கிடாமல் வரையத்தக்கதாயும் எந்த இரு முனைகளை நீக்கினாலும் துண்டுபடாததாயும் இருந்தால் மட்டும் போதுமா, அப்போதும் பட்டகத்தில் சுற்று இருக்குமா என்று பல ஆண்டுகள் தேடப்பட்டது. போதாது என்பதற்கான மாற்றுச் சான்றை ஸ்லோவேனியரான ஸ்பாகபான் 2021-இல் வெளியிட்டார்.